மூலை அறுக்காத ஞாயிறு

‘மேஸ்திரி வீட்டுச் சம்பந்தம்’ – ஒன்பதாவது அத்தியாயம்

அந்தோணி மேஸ்திரிக்கு டாக்டர் கொடுத்திருந்த மருந்து நிம்மதி. அதை வேளை தவறாமல் புகட்டும் பொறுப்பு அவர் மனைவி சவுரியம்மாளுடையது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அந்த வீட்டிலிருந்து கிளம்பிய முதல் சத்தம் இதுதான்:

"இந்தாய்யா, நிம்மதியா இருன்னு சொன்னா இருக்க மாட்டே? கண்ணு முழிச்ச உடனே கூரையப் பாத்துக்கினு இன்னா யோசனை?"

"ஓடு ஒண்ணு வெலகியிருக்குது. அதான் பாத்தேன்."

"வெலகினா வெலகட்டும். ஒழுகினா ஒழுகட்டும். டாக்டரம்மா இன்னா சொன்னாங்க? எல்லாத்தையும் வுட்டுடுன்னாங்களா, இல்லியா?"

"சொன்னாங்க."

"அப்ப வுடு!"

அடுத்த தெருவில் ஒரு நாய், வாயிலிருந்ததை விட்டுவிட்டு ஓடியது.

இதற்கு முன் நடந்ததைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும்.

ஆம்பூரில் பாலாற்றங்கரையில் ரஷீத் அஹமது சாயபுவுக்கு ஒரு தோல் ஷாப்பு இருக்கிறது. அந்தோணி அங்கே மேஸ்திரி. ஆவாரம்பட்டைத் தண்ணீர் நிறைந்த தொட்டிகளில் தோல் ஊறும். பட்டை உள்வரைக்கும் ஏறிவிட்டதா என்று தெரிந்துகொள்ள, மேஸ்திரி ஒரு தோலை இழுத்து, அதன் மூலையில் கத்தியால் துளி அறுத்து, வெட்டுவாயைப் பார்ப்பார். நடுவில் வெள்ளைக் கோடு தெரிந்தால் இன்னும் பச்சை. தெரியாவிட்டால் பதம். ஒரு தொட்டிக்கு ஒரு தோல், ஒரு தோலுக்கு ஒரு மூலை என்பது ஊர் வழக்கம்.

அந்தோணி மேஸ்திரிக்கு ஒரு மூலை போதாது. இந்த மூலையில் ஏறிவிட்டது, சரி; எதிர் மூலையில்? அதிலும் ஏறிவிட்டது, சரி, பக்கத்துத் தோலில்? இப்படியே போய், அவர் மேற்பார்த்த சரக்கு எலி கடித்ததுபோல மதராஸ் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

அதே கத்தியை அவர் மகள் அன்னம்மாளுக்கு வந்த மாப்பிள்ளைகளிடமும் காட்டினார். வாணியம்பாடியிலிருந்து ஒரு பையன் வந்தான். அவனைப் பற்றி அவன் ஊர் அம்பட்டனிடம் விசாரித்தார், வாத்தியாரிடம் விசாரித்தார், அவன் குடும்பத்தோடு வரப்புச் சண்டை போட்ட பங்காளியிடமும் போய் விசாரித்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவர் ஒரு முடிவுக்கு வந்த அன்று, அந்தப் பையனுக்கு வேறிடத்தில் கல்யாணமாகி ஆண் குழந்தையும் பிறந்திருந்தது. அடுத்து வந்தவன் இவர் கேள்விகளுக்கு நடுவிலேயே எழுந்து போய்ப் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். அங்கே கேள்வி கம்மி என்று கேள்விப்பட்டிருப்பான்.

மூன்றாவதாக வந்தவன் தேவசகாயம். ஜோலார்பேட்டை ரயில்வே ஷெட்டில் ஃபிட்டர். அப்பா இல்லை, அம்மா ஞானம்மாள் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவாள். எப்படியோ நிச்சயமாகி, கோயிலில் ஓலை கூறுவதுவரை வந்துவிட்டது. இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு பூசையில் பங்குச் சாமியார் கேட்பதற்குத்தான் ஓலை என்று பெயர். ஊரில் யாரும் வாயைத் திறப்பது வழக்கமில்லை.

போன ஞாயிறு, இரண்டாவது ஓலையில், பெண்ணைப் பெற்ற அந்தோணி மேஸ்திரி எழுந்து நின்று, "சாமி, ஒண்ணே ஒண்ணு" என்றார்.

பிறகு அவரே உட்கார்ந்துவிட்டார். ஆனால் கோயில் முழுதும் திரும்பிப் பார்த்தாகிவிட்டது. பூசை முடிந்ததும் ஞானம்மாள் வீட்டுக்கே வந்து, "மூணாவது ஓலைக்கும் நான் வருவேன். உங்க ஆளு கிட்டருந்து ஒரு சத்தம் வந்துச்சுன்னா என் புள்ளைய கூட்டிக்கினு போய்க்கினே இருப்பேன்" என்று சொல்லிப் போனாள். அன்று சாயங்காலம் மேஸ்திரிக்குத் தலை சுற்றியது. வேலூர் ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டரம்மா கையைப் பிடித்துப் பார்த்து, ரத்தக் கொதிப்பு என்றாள். கவலையை விட்டால் கொதிப்பும் விடும் என்றாள். ரஷீத் அஹமது சாயபு அந்தச் சந்தர்ப்பத்தை விடாமல், ஒரு வாரம் ஷாப்பு பக்கம் வர வேண்டாமென்று சொல்லி, கத்தியையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

இன்று மூன்றாவது ஓலை.

சவுரியம்மாள் முதல் ரயிலில் வரும் சம்பந்தியம்மாளை ஸ்டேஷனிலிருந்து அழைத்துவரப் புறப்பட்டாள். வாசலில் நின்று, "இடுப்பக் காட்டு" என்றாள்.

"கத்திதான் சாயபு கிட்ட இருக்குதே."

"வேற வெச்சிருப்பே."

தேடினாள். இடுப்பில் ஜெபமாலையும் மூக்குப்பொடி மட்டையும்தான் இருந்தன.

"வாயையும் தேடிப் பாத்துடு" என்றார் மேஸ்திரி.

"அதுக்குத்தான் அன்னம்மாவ உன்கூட அனுப்பறேன்."

வாயைத் தேடியிருந்தால் உள்ளே ஒரு விஷயம் அகப்பட்டிருக்கும். நேற்று அது அவருக்குள் நுழைந்தது. கடைத்தெருவில் காசி பிடித்துக்கொண்டான். காசி தோல் ஷாப்பில் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவன். இந்த வாரம் அவர் இடத்தில் நிற்பவன். ஒருவருடைய நிம்மதியைக் கெடுக்க வேண்டுமென்று அவனுக்கு எண்ணமே கிடையாது. தெரிந்ததைச் சொல்லிவிடுவான், அவ்வளவுதான்.

"அண்ணாத்தே, உங்க மாப்ள குடியாத்தத்துல யாரப் பாக்கப் போறாரு?" என்று கேட்டான் காசி.

"குடியாத்தமா?"

"என் மச்சான் அங்க டேசன்ல வெத்தல பாக்குக் கடை வெச்சிருக்கிறான். மாசா மாசம் சம்பளம் வாங்கின சனிக்கெழம எறங்கறாராம். எறங்கறப்ப கையில ஒரு மூட்டை. திரும்பறப்ப வெறுங்கை. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

தெரியாது. ராத்திரி முழுக்க மேஸ்திரி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்ததற்கு ஓடு விலகினது மட்டும் காரணமில்லை.

*

அப்பாவும் மகளும் கோயிலுக்கு நடந்தார்கள். அன்னம்மாள் கோயில் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு அகரம் சொல்லிக்கொடுக்கிறவள். ஒரே கேள்விக்கு ஒரே பதிலை நாள் முழுக்கச் சலிக்காமல் சொல்லக்கூடியவள். ஆனால் இன்று முகத்தில் ஒரு களைப்பு இருந்தது. இன்றைய களைப்பு மாதிரியும் இல்லை, பழைய களைப்பு.

தெருவின் இரண்டு பக்கமும் ஷாப்புகள். வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடும் இடம். ஊர்க்காரர்களுக்கு வாசனை நின்றால்தான் கவலை.

"ஏம்மா" என்றார் மேஸ்திரி, கொஞ்சம் இருமிக்கொண்டு. "மாப்ள வூட்டுக்குக் குடியாத்தத்துல யாராவது சொந்தக்காரங்க இருக்கறாங்களா?"

அன்னம்மாள் நின்றாள். "இருந்தா?"

"இல்ல, சும்மா."

"அப்பா, நீ சும்மா ஒரு கேள்வி கேட்டு நான் பாத்ததே இல்ல."

மேஸ்திரி வெற்றிலைக் கடை ஒன்றை மிகுந்த அக்கறையோடு பார்த்தார்.

"எனக்கு அது இன்னான்னு தெரியும்" என்றாள் அன்னம்மாள். "நிச்சயம் பண்ண அன்னிக்கே அவரு என்கிட்ட சொல்லிட்டாரு. யாருக்கும் சொல்லாதேன்னாரு. நீ கேட்டா நான் சொல்றேன். சொன்னா அதோட நிப்பியா?"

மேஸ்திரி யோசித்தார். பொய் சொல்ல வேண்டிய நேரங்களில் அவருக்கு வாய் வராது. குடும்பத்தின் பாதிக் கஷ்டம் அதனால் வந்தது. "எப்பிடிம்மா சொல்றது?" என்றார்.

"அதான் நானும் சொல்லல." அவள் மறுபடியும் நடந்தாள். குரலை உயர்த்தவில்லை. "வாணியம்பாடிக்காரரு வந்தப்ப எனக்கு சந்தோசமா இருந்துச்சுப்பா. ரெண்டாவது ஆளு வந்தப்ப பயமா இருந்துச்சு. இப்ப ரெண்டும் இல்ல. அசதியா இருக்குது. இவரு நல்ல மனுசருன்னு தோணுது. தோணறது போதும்னு இருக்குது எனக்கு."

"தோணறது தப்பாப் போய்ட்டா?"

"போனா நான் பாத்துக்கறேன். இன்னிக்கு நீ எந்திரிச்சு நின்னேன்னா, அவங்க போய்டுவாங்க. நான் அழ மாட்டேன், சண்டை போட மாட்டேன். ஆனா இன்னொரு தடவ எவன் முன்னாடியும் காப்பித் தட்டு தூக்கிக்கினு வந்து நிக்க மாட்டேன். அவ்ளோதான்."

ரஷீத் அஹமது சாயபுவின் ஷாப்பு வாசல் வந்தது. மேஸ்திரியின் கால்கள் பழக்கத்தால் நின்றன.

"நீ முன்னாடி போம்மா. நான் வந்துடறேன்."

அன்னம்மாள் அவரைப் பார்த்தாள். அந்த வாசலுக்கு ஒரு பக்கம் கோயில். இன்னொரு பக்கம் ஸ்டேஷன். காட்பாடி பக்கம் போகிற பாசஞ்சர் குடியாத்தத்தில் நிற்கும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"சரிப்பா" என்றாள். திரும்பிப் பார்க்காமல் போனாள்.

*

அந்த ஷாப்புக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. ஞாயிற்றுக்கிழமை வேலை உண்டு. ரஷீத் அஹமது சாயபு நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மேஸ்திரி. ஒரு வாரம் வர வேணாம்னு சொன்னேன். வந்துட்டீங்க."

"பூசைக்குப் போற வழி சாயபு."

"கோயில் அந்தப் பக்கம்."

"இது சுத்து வழி."

"மதராஸ்லருந்து மறுபடியும் கேட்டுட்டாங்க" என்றார் சாயபு. "ஆம்பூர்ல எலி ஜாஸ்தியான்னு."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"ஒரே ஒரு எலிதான், ரொம்ப வருசமா நம்மகிட்டயே வேலை பாக்குதுன்னேன்."

மேஸ்திரி சிரிக்கவில்லை. அவர் கண் கடைசித் தொட்டியின்மேல் இருந்தது. அவர் கையால் இறக்கிய சரக்கு; நாளை எடுக்க வேண்டியது. "பட்டை ஏறிடுச்சா?" என்றார்.

"ஏறியிருக்கும்."

"இருக்கும்னா?"

சாயபு பெருமூச்சு விட்டார். கோட்டுப் பையிலிருந்து மேஸ்திரியின் கத்தியை எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டார். "இந்தாங்க, வேணும்னா எடுத்துக்குங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க. காசி, அந்தத் தொட்டியில மேலாக இருக்கற தோலைத் தூக்கு."

காசி முழங்கையளவு கையை விட்டு ஒரு தோலை இழுத்துத் தொட்டியின் விளிம்பில் போட்டான். பழுப்புத் தண்ணீர் வழிந்தது. நல்ல தோல், நாலு மூலையும் இல்லை. கல்யாண வீட்டில் காம்பும் நுனியும் கிள்ளிப் போட்ட வெற்றிலை மாதிரி இருந்தது.

"இது யார் வேலை?"

"என்னுதுதான்."

"மொத மூலையில வெள்ளைக் கோடு இருந்துச்சா? நீங்க கடைசியா அறுத்த அன்னிக்கிச் சொல்றேன்."

"இல்ல."

"அடுத்த மூலையில?"

"இல்ல."

"அப்பறம் இன்னாத்துக்கு மத்த ரெண்டு?"

மேஸ்திரி நியாயமான மனிதர். "ரெண்டு மூலையில இல்லன்னா மூணாவதுல இருக்கக் கூடாதுன்னு சட்டமா சாயபு?" என்று கேட்டார்.

"இல்லதான்" என்று ஒப்புக்கொண்டார் சாயபு. "ஆனா நாலும் பாத்தாச்சு. இனிமே பாக்கணும்னா நடு முதுகுலதான் அறுக்கணும். அறுத்துப் பாத்து, அடடா அருமையான தோலுன்னு தெரிஞ்சுக்குவீங்க. தெரிஞ்சுக்கினு அதை இன்னா பண்ணுவீங்க? எவன் வாங்குவான்?"

மேஸ்திரி குனிந்தார். தோலின் அறுபட்ட ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். உள்வரைக்கும் ஒரே நிறம். எல்லா மூலையிலும் அன்றைக்கும் இப்படித்தான் இருந்தது. இத்தனை வருஷத்தில் அவர் பயந்தபடி வெள்ளைக் கோடு கிடைத்தது எத்தனை தடவை என்று யோசித்துப் பார்த்தார். அதிகம் நினைவுக்கு வரவில்லை. அறுத்தது மட்டும் எல்லாமே நினைவுக்கு வந்தது.

காசி குனிந்து காதருகில் சொன்னான்: "அண்ணாத்தே, பாசஞ்சர் வர்ற நேரம். ஏறினீங்கன்னா மத்தியானத்துக்குள்ள குடியாத்தம் பாத்துட்டு வந்துடலாம். என் மச்சான் கூட வந்து அந்த வூட்டையே காட்டுவான்."

"பூசை?"

"சாமியாரு ஓலைய உங்களக் கேட்டுக்கினா படிக்கப்போறாரு?"

மேஸ்திரி எழுந்தார். வாசலுக்கு வந்தார். ஸ்டேஷன் பக்கமாகத் திரும்பினார் என்பதை மறைத்துப் பயனில்லை. தெருவில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பத்திருபது தப்படி நடந்தார்.

நடந்துகொண்டே கணக்குப் போட்டார். குடியாத்தத்தில் ஒரு வீடு இருக்கும். வீட்டில் யாரோ இருப்பார்கள். நீங்கள் யாரென்று கேட்க வேண்டும். அவர்கள் சொல்வது நிஜமா என்று பக்கத்து வீட்டில் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரன் நம்பத்தகுந்தவனா? அவன் பெண் கட்டின ஊர் விரிஞ்சிபுரமாக இருந்தால் விரிஞ்சிபுரத்தில் கேட்க வேண்டும். விரிஞ்சிபுரத்தில் ஒருத்தன், அதெல்லாம் அமிர்திக் காட்டுப்பக்கம் இருக்கிற என் அண்ணனுக்குத்தான் தெரியும் என்பான். அமிர்திக்குப் பஸ் கிடையாது. மலையேறிப் போக வேண்டும். போய்க் கேட்டால், அந்த அண்ணன் எதிர்க்கேள்வி கேட்பான்: நீ யாரு? உன்னை எப்படி நம்பறது?

வாய்க்கால்மேல் ஒரு மதகுக்கட்டை வந்தது. மேஸ்திரி உட்கார்ந்துவிட்டார்.

பின்னாளில் இதை யாராவது ஞானம் என்று சொல்லக்கூடும். டாக்டரம்மாவின் வைத்தியம் பலித்தது என்றும் சொல்லக்கூடும். அந்த நேரத்தில் அது வெறும் கால் வலி. அமிர்திவரைக்கும் போகிற தெம்பு அவருக்கு இல்லை. குடியாத்தம்வரைக்கும்கூட இல்லை. ஒரு வாரமாக, ஒரு வாரமென்ன, மகள் பிறந்ததிலிருந்து தூங்காத தூக்கமெல்லாம் மதகுக்கட்டையில் அவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஸ்டேஷனில் ரயில் வந்து நின்ற சத்தம் கேட்டது. ஊதிக்கொண்டு புறப்பட்ட சத்தம் கேட்டது. பாலாற்றுப் பக்கமாகப் புகை தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

ஒன்றும் ஆகவில்லை. மேஸ்திரி கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தார். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. அது அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

திரும்பி வரும்போது ஷாப்பு வாசலில் சாயபு கத்தியோடு நின்றார். "இது?"

"உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார் மேஸ்திரி. நாலடி போய்த் திரும்பினார். "எண்ணெய் தடவி வைங்க, துரு ஏறிடும்."

"நான் பாத்துக்கறேன்."

"பாத்துக்குவீங்களா?"

"மேஸ்திரி."

"சரி, சரி." மேஸ்திரி நடந்தார்.

*

கோயிலில் பூசை தொடங்கிவிட்டது. பெண்கள் பக்கம் முன்வரிசையில் ஞானம்மாள், ஆஸ்பத்திரியில் முடிவு தெரியக் காத்திருப்பவள்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சவுரியம்மாள். அவள் உதடு ஜெபம் செய்தது. கண் ஆண்கள் பக்கம் ஒவ்வொரு தலையாக எண்ணியது. புருஷன் தலை இல்லை.

"எங்கடி?" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"வருவாரு" என்றாள் அன்னம்மாள். அவளுக்கே நம்பிக்கையில்லை. புகை வண்டி ஊதினது கோயிலுக்குள்ளேயும் கேட்டிருந்தது.

"எங்க வுட்டுட்டு வந்தே?"

"ஷாப்புல."

"அட கடவுளே! சாராயக் கடையில வுட்டிருந்தாலும் பரவாயில்லியே!"

ஞானம்மாள் திரும்பிப் பார்த்தாள். சவுரியம்மாள் அதை ஜெபத்தோடு சேர்த்து முடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் பின்வாசலில் அந்தோணி மேஸ்திரி வந்து நின்றார். வேட்டியில் மதகுக்கட்டைத் தூசி. தீர்த்தம் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். அன்னம்மாள் திரும்பினாள். தூரத்திலிருந்தே அவர் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார், ஒன்றுமில்லை என்பதுபோல. பிறகு ஆண்கள் பக்கம் கடைசித் தூணில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்.

அன்னம்மாள் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா என்று சவுரியம்மாளுக்குத் தெரியவில்லை.

பிரசங்கம் நீளம். சாமியார் அன்று எடுத்துக்கொண்டது, நாளையைப் பற்றிக் கவலைப்படாதிருங்கள் என்ற விஷயம். நாளையைப் பற்றிக் கவலைப்படக்கூடாத காரணங்களை அவர் விளக்கிக்கொண்டே போனதில், வீட்டில் அடுப்பை அணைக்காமல் வந்தவர்கள் மிகவும் கவலைப்பட்டார்கள். கடைசியில் மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு ஓலையை எடுத்தார்.

"ஜோலார்பேட்டை காலஞ்சென்ற மரியதாஸ் குமாரன் தேவசகாயத்துக்கும், இவ்வூர் அந்தோணி குமாரத்தி அன்னம்மாளுக்கும் விவாகம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. இது மூன்றாவது ஓலை. இதற்கு விக்கினம் ஏதேனும் அறிந்தவர்கள் இப்போது அறிவிக்கக் கடவார்கள்."

வழக்கமாக அவர் இதைச் சொல்லி மூச்சு விடாமல் அடுத்ததுக்குப் போவார். இன்று நிறுத்தினார். கண்ணாடிக்கு மேலாகக் கடைசித் தூணைப் பார்த்தார். கோயில் முழுதும் கடைசித் தூணைப் பார்த்தது.

தூணிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

நீண்ட சத்தம். அடித்தொண்டையில் புறப்பட்டு, மேலே ஏறி, அங்கே கொஞ்சம் தங்கி, விசிலாக இறங்கியது. அந்தோணி மேஸ்திரி வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, தலை ஒரு பக்கம் சாய, குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

ஞானம்மாள் எழுந்து நின்றாள்.

சவுரியம்மாள் அவள் முந்தானையைப் பிடித்தாள். பிடித்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டே இருந்தாள். அன்னம்மாள் தலையைத் தூக்கவில்லை.

இரண்டாவது குறட்டை முதலாவதைவிட நிதானமாக வந்தது.

சாமியார் ஓலையைப் பார்த்தார். தூணைப் பார்த்தார். குறட்டையைப் பற்றி ஓலையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. "நித்திரை விக்கினமல்ல" என்று, யாரும் கேட்காமலே, சொல்லிவிட்டார்.

ஞானம்மாள் நின்றபடியே மேஸ்திரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஒரு வாரமும் அவளும்தான் தூங்கவில்லை. அந்த ஆள் எதைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறான், எதைக் கேட்பான், எழுந்து நின்று எதைச் சொல்வான் என்று ஒவ்வொரு ராத்திரியும் புரண்டு படுத்தவள். அவளுடைய தோள் மெதுவாகக் கீழே இறங்கியது.

"மனசுல எதையாவது வெச்சிக்கினு இருக்கறவன் இப்பிடித் தூங்க மாட்டான்" என்றாள், பக்கத்தில் கேட்கும்படியாக. "முந்தானைய வுடுங்க சம்பந்தி, கிழியுது."

உட்கார்ந்தாள். சாமியார் பூசையைத் தொடர்ந்தார். மூன்றாவது ஓலை முடிந்துவிட்டது.

*

பூசை முடிந்து வெளியில் புளியமரத்தடியில் ஆட்கள் கலைந்தார்கள். மேஸ்திரியை யாரோ தட்டி எழுப்பியிருந்தார்கள். ஓலை வாசித்தாயிற்றா என்று கேட்டார். வாசித்தாயிற்று என்றார்கள். "நான் ஏதாவது சொன்னேனா?" என்றார். கொஞ்சம் சொன்னீர்கள் என்றார்கள்.

ஞானம்மாள் சாப்பாட்டுக்கு நிற்கவில்லை. "ஆளைத் தூங்க வைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டி ஏறினாள். அவளும் தூங்கத்தான் போனாள் என்று நினைக்க இடமிருக்கிறது.

வீட்டுக்கு நடக்கும்போது அன்னம்மாள் அப்பாவோடு சேர்ந்துகொண்டாள். சவுரியம்மாள் பின்னால், ஒரு தெரிந்தவளிடம் குறட்டைக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"நீ ரயில் ஏறிட்டேன்னு நெனச்சேன்ப்பா."

"நானும் அப்பிடித்தான் நெனச்சேன்."

தெரு முனை திரும்பினார்கள்.

"குடியாத்தத்துல இன்னான்னு சொல்லட்டுமா?" என்றாள் அன்னம்மாள். "இப்ப சொல்லலாம். இப்ப நீ நிப்பே."

மேஸ்திரி யோசித்தார். காலையில் இதே கேள்விக்காக ரயில் ஏறக் கிளம்பிய மனிதர். உள்ளே தேடிப் பார்த்தார். கேள்வி அங்கேதான் இருந்தது. ஆனால் அது அவரைத் தொந்தரவு செய்யாமல் ஒரு மூலையில் படுத்திருந்தது.

"உனக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சும் சரின்னே இல்ல?"

"ஆமா."

"அப்ப இருக்கட்டும்மா" என்றார். "எனக்குத் தூக்கம் வருது."

"எது இருக்கட்டும்?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சவுரியம்மாள் தெரிந்தவளை நடுத்தெருவில் விட்டுவிட்டு வந்திருந்தாள். "குடியாத்தத்துல இன்னா? யாருக்குக் குடியாத்தத்துல இன்னா?"

"ஒண்ணுமில்ல. வுடு" என்றார் மேஸ்திரி.

"எப்பிடி வுடறது?"

"டாக்டரம்மா சொன்னாங்க இல்ல?"

"அது உனக்குச் சொன்னது!"

வீட்டுக்கு வந்து மேஸ்திரி கூழைக் குடித்துவிட்டுப் பாயில் விழுந்தார். விலகின ஓட்டின் வழியாக ஒரு துண்டு வெயில் இறங்கி அவர் வயிற்றில் விழுந்தது. அவர் நகரவில்லை. குறட்டை ஆரம்பமாயிற்று.

சவுரியம்மாள் அடுக்களையில் அரிவாள்மனைமுன் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு பூசணிக்காய். கூரையை நிமிர்ந்து பார்த்தாள். பூசணிக்காயின் ஒரு ஓரத்தை அறுத்து உள்ளே பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. அதைத் திருப்பி மறு ஓரத்தையும் அறுத்துப் பார்த்தாள்.

"ஏண்டி அன்னம்மா" என்றாள். "ஊர் சேதியெல்லாம் வெச்சிருக்கற அந்தக் காசி இந்நேரத்துக்கு வூட்டுல இருப்பானா, ஷாப்புல இருப்பானா?"